உம் சொல்ல ஓர் ஆள்

செங்கம் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் ஆட்டோ வராது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வெயில் தணிந்துகொண்டிருந்தது. சந்தின் கடைசியில், மொட்டை மாடிகளுக்கு மேலே, மலை குனிந்து பார்ப்பதுபோல் நின்றது. பச்சைச் சாயம் உரிந்த கதவை நான் தட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரர் சாந்த் பாஷா திறந்துவிட்டார்.

"வீரேந்திரன் சாரா? வாங்க, வாங்க. பேரைச் சொன்னதுமே எங்க வீட்ல கண்டுபிடிச்சிட்டாங்க, நயினார் வீட்டுப் பிள்ளைன்னு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு போட்டுடணும்னு ஒரே ஆர்ப்பாட்டம்."

அவர் மனைவி ரஹமத்துன்னிசா தட்டை வைத்தார். வெங்காயமும் கிழங்கும் இல்லாத சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல். இருட்டிய பிறகு சாப்பிடாத எங்கள் சமண வழக்கத்தை நான் சென்னையில் எப்போதோ விட்டுவிட்டேன். அதைச் சொல்ல மனம் வரவில்லை. பரிமாறும்போது அவருடைய இடது கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன்.

நான் வந்தது அந்த வீட்டில் குடியிருந்து, போன வருடம் இறந்துபோன ஒரு பாடகிக்காக. ஓரா மே என்பது அவர் பெயர். சந்தில் எல்லோருக்கும் ஓராம்மா. அமெரிக்காவின் தெற்கே ஆற்றங்கரைப் பருத்திக்காட்டில் பிறந்தவர். சிறுமியாக மாதா கோவிலில் பாடியபோது, அவர் ஒரு வரி பாடி நிறுத்தினால் பெஞ்சுகளிலிருந்து ஜனங்கள் "ஆமாம்" என்பார்களாம், "உம்" என்பார்களாம். பிறகு மதுக்கூடங்களில் ப்ளூஸ் என்ற சோகப் பாட்டுகளைப் பாடினார். சோல் என்ற உருக்கமான பாட்டுகளின் இசைத்தட்டு ஒன்று பேர் வாங்கித் தந்தது. ஆனால் குடிக்க வந்தவர்கள் பாட்டுக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல ஆளில்லாமலே குரல் தேய்ந்தது. முதுமையில் ரமணாசிரமத்துக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். கடைசிக் காலத்தில் தன் அறையில் பாடிப் பதிவு செய்தவற்றை ஒரு வெளிநாட்டு நிறுவனம் இப்போது வெளியிட நினைத்தது. படி எடுத்து வரும்படி என்னை அனுப்பியது. ஒரு நிபந்தனையும் போட்டது. பின்னணியில் யாரோ முனகுகிறார்கள், அதை அழித்துவிட வேண்டும்.

"முனகறது யாரு பாய்?" என்று கேட்டேன்.

"இதோ நிக்கறாங்களே, இவங்கதான். அந்தம்மா உள்ள பாடும். இவங்க அடுக்களைல மாவு பிசைஞ்சிக்கிட்டே உம் கொட்டுவாங்க. மொத தடவை கேட்டப்ப அந்தம்மா ஓடியாந்து இவங்களைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு சார். நான் கல்யாணம் கட்டினதுலேர்ந்து கூப்பிடறேன், எனக்கு ஒரு நாள் உம் சொன்னதில்ல!"

"நீங்க பாடினா சொல்லியிருப்பேன். கத்தினா யாரு சொல்றது?" என்றார் ரஹமத்துன்னிசா.

தூரத்தில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. ரஹமத்துன்னிசா தொழுதுவிட்டு அடுக்களைக்குப் போனார். சாந்த் பாஷா மின்விசிறியை நிறுத்தினார்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார்."

முதலில் வாடை வந்தது. வெள்ளம் வடிந்த ஆற்றங்கரைச் சேற்றின் வாடை. இந்த ஊரில் ஆறே கிடையாது.

பிறகு, சந்தின் கோடியில் ஒரு பெண் குரல். கரகரத்த, அடிவயிற்றிலிருந்து எழும் குரல். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. 'ஆற்றைத் தாண்டி வந்தேன், உள்ளே யாராவது இருக்கிறீர்களா.'

பாட்டு நின்றது. எதற்கோ காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி.

"உம்" என்றார் ரஹமத்துன்னிசா. கதை கேட்பவர்கள் சொல்வது மாதிரி, சாதாரணமாக.

அதே வரி மறுபடியும். இந்த முறை வாசலில்.

"உம்."

மூன்றாவது வரி தணிந்து வந்தது. 'கதவைத் திறக்க வேண்டாம், இருக்கிறேன் என்றால் போதும்.'

வாடை போய்விட்டது. இசைத்தட்டில் நான் கேட்டிருந்த ஓராம்மாவின் குரலேதான் அது.

ப்ளூஸ் அப்படித்தான் அமையும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு முடிக்கும் வரி. பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மூணாவது வரிக்குப் போகாது சார். மொத வரியவே திருப்பித் திருப்பிப் பாடிக்கிட்டு கிட்ட வரும். கோபம் கிடையாது. யாருக்காவது கேக்குதான்னு பாக்க வரும்." சாந்த் பாஷா தன் இடது காதைத் தொட்டார். "ஒரு நாள் இவங்க வர நேரமாச்சு. நான் சொல்லிடலாம்னு பாத்தேன். பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. இங்க வந்து, இந்தக் காதுக்குள்ள பாடுச்சு. அப்பலேர்ந்து இதுல ஒண்ணும் கேக்கறதில்ல."

"வீட்டைப் பூட்டிட்டுப் போயிடலாமே?"

"போனோம். பக்கத்து வீட்டுத் திரௌபதியோட குழந்தைகிட்ட போயிடுச்சு. அன்னிலேர்ந்து அது சத்தம் போட்டு அழறதில்ல சார். வாய் மட்டும்தான் அசையுது."

ரஹமத்துன்னிசாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வேலூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுப்பதும் அவர் தள்ளிப் போடுவதுமாக இருந்தது. இனித் தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் போயாக வேண்டும். மகள் தஹ்சீன் அங்கே காத்திருந்தாள்.

"போயிட்டா இங்க யாரு பதில் சொல்றது தம்பி? பாவம், அது வேற என்னா கேக்குது? உம்னு ஒரு வார்த்தை. அது மாதிரி வர்றவங்களைத் திருப்பி அனுப்பிட்டு நான் போயி நல்லா இருந்துடுவேனா?" என்றார் ரஹமத்துன்னிசா.

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன். ஒலிப்பதிவு செய்பவனுக்கு அதுதானே தோன்றும்? "உங்க குரலைப் பதிவு பண்ணிக்கறேங்க அக்கா. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருந்து, நேரத்துக்கு அதைப் போடறேன். தைரியமா போயிட்டு வாங்க."

"மெஷின் சொன்னா ஒத்துக்குவாங்களா? நீயே சொல்லிடேன்."

"அவங்களுக்குப் பழகினது உங்க குரல்தானே."

அவர் தயங்கினார். ஆனாலும் என் மைக்கின் முன்னால் உட்கார்ந்து "உம்" என்றார். காலையில் கார் ஏறும்போது என் தலையில் கை வைத்தார். "ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு இருக்கு. பொழுதோட சாப்பிட்டுடு."

அன்று மாலை அவர் சொன்னபடியே பொழுதோடு சாப்பிட்டேன். பாங்கு ஓய்ந்தது. ஒலிபெருக்கியை அடுக்களையில் வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன்.

வாடை வந்தது.

சந்தின் கோடியில் முதல் வரி. இடைவெளி. விசையை அழுத்தினேன்.

"உம்."

வாசலில் அடுத்த வரி தொடங்கியது. பாதியில் நின்றது.

நீண்ட அமைதி. மறுபடியும் முதல் வரி, கதவுக்கு இந்தப் பக்கத்தில். அவசரமாக அழுத்தினேன். அதே உம். அதே மூச்சு. ஒரு மயிரிழை மாற்றமில்லை.

மைக்கின் முன்னால் ஆயுள் முழுக்க நின்றவளுக்கு உயிருள்ள குரல் எது, பதிவு எது என்று தெரியாதா?

கூடத்தின் நடுவே பாடியது.

அழுத்தினேன். கருவி வேலை செய்யவில்லை.

என் நாற்காலிக்குப் பின்னால் ஈரச் சேற்றில் கால் பதிந்து எழும் சத்தம்.

கழுத்தில் மூச்சு பட்டது. சூடாக இல்லை.

என் நாக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்து என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த நொடியில், காலையில் ரஹமத்துன்னிசா என் தலையில் வைத்த கையின் கனம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ மாலைகள், வலிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் இதைச் சலிக்காமல் செய்திருக்கிறார். பயத்தால் அல்ல, இரக்கத்தால்.

"உம்" என்றேன். உடைந்த குரலில், "இருக்கேன்" என்றேன்.

மூச்சு விலகியது. வாசலுக்கு வெளியே போய், மூன்றாவது வரி மெல்ல முடிந்தது.

மறுநாள் நடுப்பகலில் சாந்த் பாஷா அழைத்தார். "நல்லபடியா முடிஞ்சுது சார்! கண்ணு முழிச்சா. மொத வார்த்தை என்னா தெரியுமா? 'தம்பி சாப்டுச்சா'ங்கறா. வலி கம்மியா இருக்காம்."

முனகலை அழிக்க முடியாது, அதுதான் பாட்டின் பாதி என்று அந்த நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். கோவிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிச் சாப்பிட்டு முடித்தேன். அன்று பயம் இல்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். நானே சொல்வதாகத் தீர்மானித்திருந்தேன்.

வாடை வந்தது. சந்தின் கோடியில் முதல் வரி. இடைவெளி.

நான் வாயைத் திறந்தேன்.

"உம்."

அது நான் சொன்னதல்ல.

அடுக்களையிலிருந்து வந்தது. சாதாரணமாக, மாவு பிசைந்துகொண்டே சொல்வதுபோல.

எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மேடையில் கிடந்த செல்பேசி ஒளிர்ந்து அதிரத் தொடங்கியது. சாந்த் பாஷாவின் பெயர். நான் எடுக்கவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் அந்த வரி மறுபடியும் எழுந்தது. இந்த முறை இரண்டு குரல்கள். ஒன்று கரகரத்தது. மற்றொன்றுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை.

இரண்டும் ஒன்றாக நின்றன.

அடுக்களை அமைதியாக இருந்தது. வீட்டில் நான் மட்டும்தான்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"உம்" என்றேன்.

கதவுக்கு வெளியே, படியில், இரண்டு பேர் உட்காரும் சத்தம் கேட்டது.