தொப்பி போட்ட கட்டி

காலை ஐந்தரைக்குக் கழிப்பறை தணிகைவேலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கம்போல அறிக்கை வாசித்தது.

"நேற்றைய கீரை நன்றாகச் செரித்திருக்கிறது. சளி இருக்கிறது. ரத்தமும் இருக்கிறது. மூன்றாவது நாள்."

"மெதுவாப் பேசித் தொலை!" என்று பல்லைக் கடித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி பூங்கோதை.

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் யாரிடம் எதை மறைத்தாலும் கழிப்பறையிடம் மறைக்க முடியாது. மூன்று நாள் ரத்தம் கண்டால் அதுவே மருத்துவக் கூடத்துக்குத் தகவல் சொல்லிவிடும். புற்று என்று வந்துவிட்டால் விண்கலத்தைத் தொடவிட மாட்டார்கள். பூமிக்குப் போகும் கலத்தின் தலைமை மாலுமியை நாளைதான் அறிவிக்கப்போகிறார்கள். பட்டியலில் இரண்டே பேர். தணிகைவேல், பாக்கியநாதன்.

பாக்கியநாதன்! இரண்டு மாதத்துக்கு முன் வலிய வந்து ஊறுகாய் கொடுத்தவன். அதற்கப்புறம்தான் வயிறு பிசைந்தது. போய்விட்டு வந்தாலும் போகாதது போலவே இருந்தது.

"ஊறுகாய்ல என்னத்தையோ கலந்திருக்கான், பூங்கோதை."

"நானும்தானே தின்னேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே."

அவளையும் ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தான்.

கழிப்பறை தகவல் சொல்லி, அழைப்பும் வந்துவிட்டது. மருத்துவக் கூடத்தில் டாக்டர் நஸ்ரீன் ஒரு குடலூர்தியை விழுங்கச் சொன்னாள். அரிசியளவு இயந்திரம். குடலின் கடைசி முனைவரை ஊர்ந்து படம் அனுப்பும். சதைத் துணுக்கைக் கிள்ளி அங்கேயே சோதித்தும் சொல்லும்.

திரையில் ஏழெட்டுச் சிவந்த கட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் படலம்.

"புற்றா?" அவன் திரையை நெருங்கிப் பார்த்தான்.

"இல்லைங்க. அழற்சிக் கட்டி. சளியும் சீழும் சேர்ந்து தொப்பி போட்டாப்ல இருக்கு பாருங்க. ரொம்ப அபூர்வம். பார்க்கத்தான் பயம், ஆளைக் கொல்லாது. கலம் ஓட்டலாம்."

போன உயிர் திரும்பியது. கூடவே சந்தேகமும். "யாராவது விஷம் வெச்சா இது வருமா, டாக்டர்?"

"வராது. காரணம் முழுசாத் தெரியலை. ரொம்ப நேரம் முக்கிட்டு உக்கார்றதும் ஒண்ணுங்கறாங்க. நீங்க எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

மேசை ஒலிபெருக்கி கனைத்தது. அவன் வீட்டுக் கழிப்பறைதான். "ஐம்பத்தைந்து நிமிடம், டாக்டர். இரண்டு மாதமாக. கைத்திரையில் பாக்கியநாதன் வீட்டு வாசல் கேமராவைப் பார்த்துக்கொண்டே முக்குகிறார்."

நஸ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மருந்து இருக்கட்டும். மொதல்ல அந்தத் திரையை வெளிய வெச்சிட்டுப் போங்க. பூமியில இதைச் சொல்ல ஆரம்பிச்சு இருநூறு வருஷமாச்சு. ஒருத்தரும் கேட்டபாடில்லை."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தவன் திகைத்து நின்றான். பெஞ்சில், வயிற்றைப் பிடித்தபடி பாக்கியநாதன்.

"நீ எங்க இங்க?"

"லேசா ரத்தம்ப்பா. ரெண்டு மாசமாவே வயிறு சரியில்லை." பாக்கியநாதன் குரலைத் தாழ்த்தினான். "ஊறுகாய் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு உன் வீட்டம்மா முறுக்குப் போட்டுக் குடுத்தாங்களே... அதுல என்ன போட்டாங்க?"

தணிகைவேல் பாக்கியநாதன் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நேரலையாகத் தெரிந்தது, தணிகைவேலின் வீட்டு வாசல்.

"அடுத்தவர் வரலாம்," உள்ளிருந்து நஸ்ரீன் குரல் கொடுத்தாள். "கைத்திரையை வெளிய வெச்சிட்டு!"

பாக்கியநாதன் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் தணிகைவேலைத் தவிர வேறு யாருமில்லை. திரையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனான்.