பளபளத்த கெட்டில்

"போன வாரம் குடியிருக்கலாம்னு சொன்ன கருவி, இந்த வாரம் கூடாதுங்குது. எதை நம்பறது?"

டீச்சர் இரண்டு அறிக்கைகளையும் அளவையரின் மேசைமேல் வைத்தார். கதிர்வீச்சுக் கசிவால் அவருடைய தெரு காலியாகி முப்பது வருடம். மேல்மண்ணை வாரிப் புது மண் கொட்டி, இப்போதுதான் ஆட்களைத் திரும்ப விடுகிறார்கள். மாசமாக இருக்கும் மகளோடு, தான் பிறந்த வீட்டிலேயே குடியேற அவருக்குக் கொள்ளை ஆசை.

கதிர்வீச்சை அளந்து ஓய்வுபெற்ற அந்த அளவையரிடம் வழக்கு வந்தால் அவருடைய டிரைவருக்குக் கால் தரையில் பாவாது. வண்டி கிளம்புவதற்குள்ளேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டார்.

"டீச்சரோட தம்பிதான் சார். வீடு வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாராம். ஒரு சாவி அவர்கிட்டயும் இருக்கு. எதையோ கொண்டுவந்து தூவியிருக்கார்."

போய்ச் சேர்ந்தபோது அந்தத் தம்பி பழைய வீட்டு வாசலில் உம்மென்று நின்றிருந்தார்.

கூடத்தில் கருவி சும்மா இருந்தது. சமையலறையில் கடகடவென்று கத்தியது. வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை, காஸும் இல்லை. அழுக்கேறிய அலமாரியில் ஒரு கெட்டில் மட்டும் பளபளத்தது. பின்பக்கம் ஒரே ஒரு மரம்; கிளை ஒடிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. அடிமரத்தில் வரிசையாகக் கோடுகள்.

"எங்க உயரம். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அப்பா கீறி வைப்பார்," என்றார் டீச்சர்.

"போன வாரம் அளந்துட்டுப் போனதும் இங்க டீ போட்டீங்களா?" என்று கேட்டார் அளவையர்.

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. "விழுந்து கிடந்த கிளைதான். அம்மா மாதிரியே அடுப்பு மூட்டி, அந்தச் சாம்பலாலேயே கெட்டிலைத் தேச்சேன். புகை வாசனைக்கு அழுகையே வந்துடுச்சு."

"அதான் விஷயம். மண்ணை மாத்தினவங்க மரத்தை விட்டுட்டாங்க. அன்னைக்கு உறிஞ்சினதை அது இன்னும் உள்ள வச்சிருக்கு. விறகா இருந்தா பரவிக் கிடக்கும். எரிச்சா அத்தனையும் ஒரு பிடி சாம்பல்ல வந்து சேர்ந்துடும்."

"ஐயோ, நான் அந்த டீயைக் குடிச்சேனே."

"ஒரு நாள் டீக்குப் பயமில்ல. தினமும்னா, அதுவும் குழந்தை தவழற தரையில, கூடவே கூடாது. சாம்பலை ஆள் வச்சு எடுத்துடலாம். மரத்தையும் எடுத்துட்டா வீட்டுக்கு வரலாம்."

டிரைவர் தம்பியைப் பார்க்க முடியாமல் தலையைச் சொறிந்தார். டீச்சர் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி ஆசை அந்த மரத்தின் மேல்தான்.

தம்பி அளவுநாடாவும் பென்சிலும் எடுத்துவந்தார். மரத்தில் ஒவ்வொரு கோடாக அளந்து, கூடத்துக் கதவு நிலையில் அதே உயரத்தில் போட்டார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"பக்கத்துல இடம் விட்டிருக்கேன்க்கா. பாப்பாவுக்கு."