ஐந்து மீட்டர் குழாய்

“யாரும்மா எடுத்தாங்க? அருமையா எடுத்திருக்காங்களே!” என்றாள் ஆ-லான் அக்கா, கழுவி வந்த படங்களைத் தன் கேமராக் கடை மேசையில் பரப்பிக்கொண்டே.

பெய்-ரோங்குக்குச் சிரிப்பு வந்தது. “வேற யாரு எடுப்பா? நான்தான் அக்கா. நீங்க வித்த பழைய கேமரா, நீங்க வித்த குழாய்.”

“அப்படியா? அப்போ பந்து எங்க?”

ஐந்து மீட்டர் ரப்பர் குழாய் அது. ஒரு முனையைக் கேமராவில் திருகிவிட வேண்டும். மறுமுனையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பந்து. அழுத்தினால் காற்று ஓடிப்போய்ப் படம் விழும். பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் பெய்-ரோங் எப்போதும் உட்காருவாள். ஆனால் ஏழாவது படத்தில் அவளுடைய இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. விரல்கள் விரிந்திருந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை.

“காலால அழுத்தியிருப்பேன்,” என்றாள். காலால் அழுத்தவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிஜமாகவே தெரியுமா?

கணவன் செங்-யாவோடு வாழ்ந்த ஒன்பது வருடத்தில் அவன் ஒரு நாளும் கைநீட்டியதில்லை. சாவியை அவனே இடம் மாற்றி வைத்துவிட்டு, “நீதான் வெச்ச. உனக்கு ஞாபகம் சரியில்ல,” என்பான். நாலு பேர் முன்னால், “தாடையை இறக்கு. உன் மூஞ்சி உனக்கு எங்க தெரியுது? எனக்குத்தான் தெரியும்,” என்பான். கோபம் வந்தால் பத்துப் பதினோரு நாள் வாய் திறக்க மாட்டான். கடைசியில் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள், எதற்கென்றே தெரியாமல். பாவி!

விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஓயாமல் மழை பெய்யும் இந்தக் கீலுங் துறைமுக நகரத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு பிடித்தாள். அவளைப் போன்ற பெண்கள் புதன்கிழமைதோறும் கூடுவார்கள். “வாரம் ஒரு நாள் உன்ன நீயே படம் எடு. உன் கையால எடு. அடுத்தவன் சொன்ன மூஞ்சி நமக்கு எதுக்குடி?” என்று அங்கேதான் சொன்னார்கள். முதல் சுருளில் தெரிந்த முகம் களைத்திருந்தது, ஆனாலும் அவளுடையது. படத்தின் பின்னால் ‘இது நான்’ என்று எழுதி வைத்தாள். தன் கண்ணைத் தானே நம்புவதற்கு எத்தனை வருடம் பிடித்திருக்கிறது! அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்த வாரம் பந்தை நெஞ்சுக்கு நேராக, தெரியும்படி பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் குறித்தாள்: ‘வலது கை. பந்து. தாடை நிமிர்ந்து.’

படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கைகள் வெறுமையாக இருந்தன. தாடை படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

“உன்ன நல்லாத் தெரிஞ்சவங்க யாரோ எடுத்த மாதிரி இருக்கும்மா,” என்றாள் ஆ-லான் அக்கா. அவள் குரலில் போன வாரத்து உற்சாகம் இல்லை.

செத்தவனாக இருந்தாலாவது பேய் என்று சொல்லிக் கோயிலுக்குப் போகலாம். அவனோ தாய்ச்சுங் நகரத்தில் மறுகல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறான்.

சனிக்கிழமை மூன்று மணி. பட்டப்பகல்தான், ஆனாலும் ஜன்னலில் மழை இறங்கிய வேகத்தில் அறை சாம்பல் நிறமாகக் கிடந்தது. சுவரின் ஈரவாடையும் கீழ்க்கடையில் கொதிக்கும் மீன் உருண்டை சூப்பின் மணமும் கலந்து வந்தன, மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது, தூரத்தில் எங்கோ ஒரு கப்பல் அடித்தொண்டையில் ஊதி ஓய்ந்தது. அவள் கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டாள். குழாயைக் கேமராவில் இறுகத் திருகினாள். பந்தை வலது உள்ளங்கையில் வைத்து, மேலே துணியால் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினாள். இப்போது எந்தப் படம் என்ன சொல்லிவிடும், பார்க்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். தாடையை நிமிர்த்தினாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

கிளிக்.

அவள் இன்னும் அழுத்தவில்லை.

நீதான் அழுத்தின. உனக்கு ஞாபகம் சரியில்ல. அந்த நினைப்பு அவன் குரலிலேயே வந்தது.

“இல்ல,” என்றாள் வாய்விட்டு. “நான் அழுத்தல. எனக்குத் தெரியும்.”

குழாயைப் பிடித்து இழுத்தாள். கேமரா அசையவில்லை. குழாய் மட்டும் தரையோடு சரசரவென்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதன் திருகுமுனை அவள் பாதத்தில் சில்லென்று பட்டது. எதிலும் மாட்டியிருக்கவில்லை.

அடுத்த படம் எடுக்க வேண்டுமானால் யாராவது எழுந்துபோய், ஃபிலிமை நகர்த்தும் லீவரைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். அவள் எழவில்லை. எழக் கால்களும் வரவில்லை. கதவு கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கிர்ர்ர்.

லீவர் நகர்ந்தது. மெதுவாக. கடைசிவரை. பிறகு திரும்பி வந்தது, படாரென்று அல்ல, ஒரு விரல் தாங்கிக் கொண்டுவந்து விட்டதுபோல.

ஓடு. ஓடுடி.

தாடை இறங்கியது. அவள் இறக்கவில்லை. துணியின் முடிச்சு அவிழ்ந்தது. அவள் அவிழ்க்கவில்லை. பந்து உருண்டு நாற்காலிக்கு அடியில் போயிற்று. இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து விழுந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உதடுகள், பல் தெரியாமல், அவனுக்குப் பிடித்த அளவுக்கு மட்டும் சிரித்தன.

கிளிக்.

லீவர் மறுபடியும் நகர ஆரம்பித்தது.