மூன்றாவது ஹெல்மெட்

ரியாஸ் கடை வாசலில் நான் பைக்கை நிறுத்தியபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேற்கே மலைமேல் மட்டும் கருமேகம் திரண்டு நின்றது. ராஜபாளையத்தில் பைக்குக்கு வேண்டிய சாமான் எதுவானாலும் ரியாஸிடம் கிடைக்கும். நான் வந்தது வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்க.

எனக்கு விதை கம்பெனியில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வன்னியம்பட்டி, கான்சாபுரம் என்று தோட்டந்தோட்டமாகச் சுற்றுகிற பிழைப்பு. போனை நம்பி ஹேண்டில்பாரில் மாட்டினால் வெயிலில் சூடேறி அணைந்துவிடும். மலையடிவாரத் தோப்புகளுக்குள் போனால் சிக்னல் கிடையாது. வழியில் யாரிடமாவது கேட்டுப் போகலாமே என்பீர்கள். என் புருஷன் லிங்கேஸ்வரனைக் கட்டிக்கொண்டு நீங்கள் கேட்டுப் பாருங்கள், தெரியும். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பெரியவரிடம் வழி கேட்டதை யாரோ அவனிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்று வாங்கிய அடியின் தழும்பு இன்னும் என் இடது புருவத்தில் இருக்கிறது.

"எவன்கூட பேசுற?"

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் இதே கேள்விதான். இந்தக் கேள்வி காதில் விழாமல் ஒரே ஒரு நாள் ரோட்டில் போக வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

ரியாஸ் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். முதலாவது, போன் மாட்டுகிற வெறும் ஸ்டாண்டு. இரண்டாவது புத்தம் புதிய கருவி. திரை பெரியது, ஆனால் வெயிலில் பிடித்துப் பார்த்தால் என் மூஞ்சிதான் தெரிந்தது. மூன்றாவது பழசு, ஓரமெல்லாம் சிராய்ப்பு.

"இது சிக்னலே இல்லேன்னாலும் வழி சொல்லும்கா. கையுறையோட தொட்டாலும் கேக்கும்," என்றான் ரியாஸ். "தண்ணி போகாது. போன மழைக்கு அய்யனார் கோவில் ஆத்துல கெடந்துச்சுன்னு ஒரு ஆடு மேய்க்கிறவரு கொண்டாந்து குடுத்தாரு. சார்ஜ் போட்டேன், கப்புன்னு உயிர் வந்துருச்சு. அம்புட்டு ஸ்ட்ராங்கு."

கையில் வாங்கினேன். அந்த வெயிலிலும் கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. ராம்குமார் தம்பியின் வண்டியில் இதே மாதிரி ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது.

ராம்குமார், லிங்கேஸ்வரனோடு சேர்ந்து மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர். என்னை வாய் நிறைய மதினி என்பார். எனக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வண்டி மட்டும் செங்கோட்டை ஸ்டேஷனில் கேட்பாரற்று நின்றது. கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றான் லிங்கேஸ்வரன். ஊரும் அதையே சொல்லிவிட்டு மறந்துபோனது.

பழசையே வாங்கினேன். ரியாஸ் அதை வண்டியில் மாட்டி, என் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் செட்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது லிங்கேஸ்வரன் வந்து நின்றான். பஸ்ஸில் வந்திருக்கிறான். நான் எந்தக் கடையில் நிற்கிறேன் என்று அவனுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ!

"இதுல பேச வேற செய்யலாமா?" என்று ரியாஸிடம் கேட்டான். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒரு செட் மாட்டினால் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளலாம், வெளியாள் வேண்டுமானால் அவருக்கும் செட் இருக்க வேண்டும், கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று ரியாஸ் விளக்கினான்.

"எனக்கும் ஒரு ஹெல்மெட்டு எடுத்து ஒண்ணு மாட்டு. இவ காதுல எவன் பேசுறான்னு நானும் கேக்கணும்ல."

ரியாஸ் என்னைப் பார்க்காமல் திருப்புளியை எடுத்தான்.

ஊர் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டைப் பிடித்தோம். நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். மழைமேகம் எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. பட்டப்பகலில் லாரிகள் லைட்டைப் போட்டுக்கொண்டு போயின. காதுக்குள் ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொன்னது.

"இரண்டு ஹெல்மெட்கள் இணைக்கப்பட்டுள்ளன. நேராகச் செல்லவும்."

கொஞ்ச தூரம் போயிருப்போம். முதல் தூறல் விழுந்தது. ஹெல்மெட்டுக்குள் பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம் அடித்தது.

"மூன்று ஹெல்மெட்கள் இணைக்கப்பட்டுள்ளன."

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு வண்டியும் இல்லை.

காதுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். அது லிங்கேஸ்வரன் மூச்சு இல்லை. சளி கட்டினவன் விடுகிற மாதிரி, களகளவென்று.

"ஏட்டி, எவன் அது?" லிங்கேஸ்வரனின் விரல்கள் என் இடுப்புச் சதையைக் கவ்வின. "லைன்ல எவன் இருக்கான்?"

"ஏங்க, சத்தியமா யாருமில்லங்க. மிஷின் கோளாறா இருக்கும்."

"கிட்டத்துல இருந்தாத்தான் கேக்கும்னு அவன் சொன்னான்ல? இங்கதான் எங்கயோ நிக்கான்."

"இடப்பக்கம் திரும்பவும்," என்றது கருவி.

இடப்பக்கம் மலையை நோக்கிப் போகும் மண்பாதை. வன்னியம்பட்டிக்கும் எங்கள் வீட்டுக்கும் அந்த வழியாகப் போகவே வேண்டாம். நான் நேராகப் போகப் பார்த்தேன்.

"திருப்புட்டி!" விலாவில் ஒரு குத்து விட்டான். மூச்சு நின்று வந்தது. "வரச்சொல்லி வழி போட்டுக் குடுத்திருக்கான்ல உன் ஆளு? போ. இன்னைக்கி அவன் சங்க அறுத்துட்டுத்தான் வீடு."

திருப்பினேன். வேறென்ன செய்ய?

பாதையின் ரெண்டு பக்கமும் முள்வேலி. அப்புறம் தென்னை. அப்புறம் மா. கிளைகள் மேலே கூடி வெளிச்சத்தை அடைத்தன. அழுகின மாங்காயும் ஈரமண்ணும் சேர்ந்த வாடை. களகளவென்ற அந்த மூச்சு மட்டும் கிட்டே கிட்டே வந்தது. திரும்பு, நேராகப் போ, திரும்பு என்று பெண் குரல் சொல்லச் சொல்ல ஓட்டினேன்.

ஒரு வளைவில் லிங்கேஸ்வரனின் பிடி தளர்ந்தது.

"நிறுத்து," என்றான். குரல் மாறியிருந்தது. "இந்த வழியா... இது அந்தக் குத்தகைத் தோப்புதான. வண்டியத் திருப்பு."

திருப்ப முடியவில்லை. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. கைப்பிடியை என் கைமேல் வேறொரு கை பிடித்து முறுக்குகிற மாதிரி இருந்தது. சில்லிட்ட, ஊறிப்போன கை.

ஒரு பாழுங்கிணற்றின் ஓரத்தில் வண்டி தானே அணைந்தது.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது."

லிங்கேஸ்வரன் குதித்து இறங்கினான். கிணற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவன் கண் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"யாருட்டி சொன்னா உனக்கு? அந்தக் கடைக்காரனா? ஊருக்கே தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னங்க இருக்கு இங்க?"

அவன் கிணற்று மேட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். குரலைத் தணித்துக்கொண்டான். அவன் குரலைத் தணித்தால்தான் எனக்கு எப்போதும் குலை நடுங்கும்.

"ஒண்ணுமில்ல. ஹெல்மெட்டக் கழட்டு. செத்த நேரம் பேசணும்."

என் கை தாடைக்குக் கீழே வாரிடம் போனது. பழக்கதோஷம். சொன்னதைச் செய்தால் அடி குறையும்.

அப்போது காதுக்குள் அந்த மூச்சு பேசியது.

"கழட்டாதீய மதினி."

ராம்குமார் தம்பியின் குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"பேசணும்னுதான் என்கிட்டயும் சொன்னாரு. நான் கழட்டுனேன்."

லிங்கேஸ்வரனுக்கும் அது கேட்டிருக்கிறது. "ஆ!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, கல்லால் என் தலையில் ஓங்கி அடித்தான். ஹெல்மெட் சிதறுகிற மாதிரி சத்தம். கீழே விழுந்தேன். மார்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தான். கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. ரத்தம் வாய்க்குள் உப்புக் கரித்தது. வாரை அறுத்தெடுக்க என் கழுத்தை நகத்தால் பிறாண்டினான். இத்தோடு நான் செத்தேன் என்றே நினைத்தேன். அம்மாடி, அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. அவன் கையைக் கடித்தேன். விரல் எலும்பு என் பல்லில் தட்டுப்பட்டது.

அவன் அலறிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் தலையில் டொக் என்று ஒரு சத்தம்.

அவன் ஹெல்மெட்டின் உச்சி உள்ளே அமுங்கியது.

அவனைச் சுற்றி யாரும் இல்லை. மழை மட்டும்தான் பெய்தது.

டொக்.

இன்னொரு பள்ளம். அவன் வாரைப் பிடித்து இழுத்தான். கழற்ற வரவில்லை. என் காதுக்குள் அவன் குரல் கெஞ்சியது. "ஏலே ராம்குமாரு, வேணாம்லே. தெரியாம செஞ்சிட்டேன்லே..."

டொக். டொக்.

ஹெல்மெட்டுக்கு வெளியே மழைச் சத்தம். உள்ளே, என் காதோடு காதாக, அவன் எலும்பு நொறுங்குகிற சத்தம். பல் உடைந்து தொண்டையில் சிக்கி அவன் இருமினான். கண்ணாடிக்குள்ளிருந்து ரத்தம் கழுத்து வழியாகக் கொட்டிச் சட்டையை நனைத்தது. பின்பக்கமாகவே நடந்து போனான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துப் போகிற நடை அது. கிணற்று விளிம்பில் ஒருமுறை என்னைப் பார்த்துக் கை நீட்டினான்.

நான் கை கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று இதுவரை தோன்றவுமில்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. காதுக்குள் கொஞ்ச நேரம் குமிழி வெடித்தது. அப்புறம் பெண் குரல்.

"ஒரு ஹெல்மெட் இணைக்கப்பட்டுள்ளது."

நான் ரோட்டுக்கு ஓடிவந்து சொல்ல, தீயணைப்புக்காரர்கள் கிணற்றிலிருந்து ரெண்டு பேரை எடுத்தார்கள். ஒன்று லிங்கேஸ்வரன். இன்னொன்று மண்டை ஓடு பிளந்த எலும்புக்கூடு. அதன் பக்கத்திலேயே ஒரு ஹெல்மெட்டும் கிடந்தது. அதற்குள் இருந்த ஸ்பீக்கர் செட்டின் பேட்டரி துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. லிங்கேஸ்வரன் கால் தவறி விழுந்து கிணற்றுச் சுவரில் அடிபட்டான் என்று போலீஸ்காரர்கள் எழுதி முடித்தார்கள். ஹெல்மெட் போட்டவன் மண்டை எப்படி அப்படிச் சிதறும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பழைய கருவியை அந்தக் கிணற்றிலேயே போட்டேன். ராம்குமாரின் அம்மாவோடு போய்த் தம்பிக்குக் காரியம் செய்தேன். லிங்கேஸ்வரனுக்கு அவன் வீட்டார் செய்தார்களோ என்னவோ, நான் விசாரிக்கவில்லை.

மறுபடி ரியாஸ் கடைக்குப் போனபோது தை பிறந்துவிட்டது. இந்தத் தடவை எல்லாம் புதுசாய்க் கேட்டேன். சீல் உடைக்காத கருவி, புது ஹெல்மெட், புது ஸ்பீக்கர். ரியாஸ் என் கண்ணெதிரே அட்டைப்பெட்டியைப் பிரித்தான்.

காலை வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தனியாகக் கிளம்பினேன்.

"ஒரு ஹெல்மெட் இணைக்கப்பட்டுள்ளது. நேராகச் செல்லவும்."

எம்புட்டு நாளாயிற்று இப்படி மூச்சு விட்டு! பாட்டுக்கூடப் பாடினேன். கேட்க ஆளில்லை, அதட்ட ஆளில்லை. இடப்பக்கம் அந்த மண்பாதை வந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினேன்.

"இரண்டு ஹெல்மெட்கள் இணைக்கப்பட்டுள்ளன."

பாட்டு நின்றது. ஆனால் பயமில்லை. என் உயிரைக் காப்பாற்றிய மனுஷனிடம் எனக்கென்ன பயம்? கண் கலங்கியது.

"தம்பி," என்றேன் மெதுவாக. "ராம்குமார் தம்பி, நீங்களா?"

மூச்சு மட்டும் கேட்டது. களகளவென்று.

"தம்பி?"

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. ஈர விரல்கள் என் இடுப்பைக் கவ்வின.

"ஏட்டி... எவன்கூட பேசுற?"