களைக்காத சுருள்

சிரிஞ்ச் காலியாகிவிட்டது. ஆனால் மருந்துப் பம்பின் பெட்டிக்குள் எஃகு நாடா சுருளும் சத்தம் நிற்கவில்லை.

முதலில் அவள் அதை மழை என்றுதான் நினைத்தாள். சாயங்கால மழைக்குக் கரண்டு போயிருந்தது. வீட்டுக்குள் கட்டிய கொடியில் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும், அண்ணனின் கட்டிலைச் சுற்றி எப்போதும் நிற்கும் மருந்து நெடியும் ஒன்றாய்க் கலந்து, ஜன்னலோரம் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தைக்கூடக் கனமாக்கியிருந்தன. அந்தக் கனத்துக்கு அடியில், பட்டுத்துணியை யாரோ விரல்நுனியால் மெல்லத் தேய்ப்பதுபோல, எஃகின்மேல் எஃகு வழுக்கும் சத்தம். ஸ்ஸ்... கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஸ்ஸ்...

மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு டார்ச்சோடு கட்டிலருகே போனாள். அண்ணன் கண்மூடிக் கிடந்தான். தலைமாட்டு ஸ்டூலில் பம்ப் இருந்தது. சிரிஞ்சின் தண்டு அடிமட்டம்வரை போய் முட்டி நின்றிருந்தது. தண்டு நின்றால் நாடாவும் நிற்க வேண்டும். அந்தப் பம்பை வடிவமைத்தவளே அவள்தான். அவளுக்குத் தெரியாதா?

சாதாரண ஸ்பிரிங் தொடக்கத்தில் முறுக்காக இருக்கும், போகப்போகத் தளர்ந்துவிடும். இது வேறு சாதி. அளவெடுக்கும் டேப்பைப்போல் தன்மேலேயே சுருண்டு கிடக்கும் மெல்லிய எஃகு நாடா. இழுத்து விட்டால் முதலில் எவ்வளவு பலத்தோடு சுருளத் தொடங்குமோ, கடைசிவரை அதே பலம்தான். அது சுருளச் சுருள சிரிஞ்சின் தண்டு உள்ளே போகும். வலி மருந்து கூடாமல் குறையாமல் ரத்தத்தில் இறங்கும். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் எந்த நாடாவும் ஒருநாள் அறுந்தாக வேண்டும். அது எப்போது என்று பார்க்கத்தான் சோதனை அறையில் ஒரு மெஷின் அதை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஓயாமல் ஓடும். அதை ஓட்டும் வயதான பெண்மணிக்கு, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவளுக்கு, ஒரே ஒரு சட்டம். சோதனைக்குப் போன நாடா அறுந்தாலும் அறாவிட்டாலும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். உள்ளுக்குள் எவ்வளவு நொந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இந்த நாடா அறவில்லை. மெஷினின் பெல்ட்தான் அறுந்தது. "இதுக்குச் சாவே கிடையாது போல" என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் அண்ணனின் வாடகைப் பம்ப் பேட்டரி செத்து நின்றபோது, அவன் வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவளுடைய பம்பின் கூடு தயாராக இருந்தது, புதிய நாடாக்கள் வந்து சேரவில்லை. வெட்டுவதற்காக வைத்திருந்த தட்டில் அந்த அறாத நாடா பளபளவென்று கிடந்தது. இவ்வளவு தாங்கியது இன்னும் கொஞ்சம் தாங்காதா என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

மத்தியானம்கூட அவன் பேசினான்.

"ஏய் சுண்டெலி, உன் ஸ்பிரிங் என்ன சொல்லுது?"

"களைப்புன்னா என்னன்னே தெரியாதாம்ண்ணா."

"பெரிய ஆளுதான். எனக்குக் கொஞ்சம் களைப்பா இருக்குன்னு அதுகிட்ட சொல்லேன்."

"சும்மா இரு. தூங்கு."

அதன்பிறகு தூங்கியவன்தான். தூக்கத்தில் எப்போதும் இழுத்து இழுத்துத் திணறும் மூச்சு இன்று சீராக இருந்ததைக் கேட்டு, துணி உலர்த்தும்போது அவள் மெல்லப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

இப்போது அந்த மூச்சைக் கவனித்தாள். ஸ்ஸ் என்று நாடா சுருண்டபோது மார்பு ஏறியது. சத்தம் நின்றபோது இறங்கியது. மறுபடி ஸ்ஸ். மறுபடி ஏறியது. முன்னதைவிட நூலளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனுஷ மூச்சு அப்படி இருக்காது.

"அண்ணா."

போர்வைக்குள் கைவிட்டு அவன் பாதத்தைத் தொட்டாள். தரைக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தோரம் விரல் வைத்தாள். காதை அவன் நெஞ்சில் பதித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆளில்லாத வீடு. அவளுடைய கன்னத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்த நெஞ்சு ஏறியது.

அவன் கையில் குத்தியிருந்த ஊசியை உருவினாள். துளி ரத்தம் வரவில்லை. மூச்சு நிற்கவில்லை.

சோதனை அறை அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா... அந்த அறாத நாடா..."

"வெட்டிப் போட்டியா இல்லையா? தட்டுல காணோமே."

"இல்லக்கா. வீட்ல... அண்ணனோட பம்ப்ல."



"பெல்ட் அறுந்து மெஷின் நின்ன பிறகும் அது ஓடிட்டேதான்டி இருந்துச்சு. சொன்னா கிழவிக்கு மறை கழண்டுடுச்சும்பீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். வெட்டிடு. யோசிக்காத. இப்பவே வெட்டு."

தகரம் வெட்டும் கத்தரி கருவிப்பெட்டியில் இருந்தது. எடுத்துவந்து, பம்பின் மூடியைத் திறந்தாள்.

நாடாவைத் தண்டோடு பிணைத்திருந்த திருகு கழன்று மூலையில் கிடந்தது. பிடி விட்ட நாடா கண்ணிமைக்கும் நேரத்தில் சுருண்டுகொள்ள வேண்டும். குறுக்கே விரல் இருந்தால் அறுத்துவிடும். ஆனால் இது மூடி திறந்ததும் மெல்ல வெளியே நீண்டு வந்தது. கட்டிலைத் தாண்டியது. அண்ணனின் நெஞ்சுக்கு மேலே, எதையும் தொடாமல், வெறும் காற்றில் நுனி நிலைத்து, விறைப்பாக நின்றது. சோதனை அறையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் இப்படித்தான் நிற்கும். எதையோ பிடித்திருந்தது.

ஸ்ஸ். நாடா சுருண்டது. நெஞ்சு ஏறியது.

கத்தரியின் வாயை நாடாவுக்கு இருபுறமும் வைத்தாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

மங்கிய கண்கள். அவளைப் பார்த்தன. கத்தரியைப் பார்த்தன. உதடு அசைந்தது. நாடா விட்டுக்கொடுத்த மூச்சில் ஒரு சொல் மட்டும் வந்தது.

"களைப்பா..."

மூச்சு தீர்ந்தது. ஸ்ஸ். அடுத்த மூச்சு ஏறியது.

"...இருக்குடி."

அழுத்தினால் போதும். காகிதம்போல் நறுக்கும் கத்தரி. அவள் கை அழுத்தவில்லை. வெட்டினால் இந்த வீட்டில் அவளைச் சுண்டெலி என்று கூப்பிட யாரும் இல்லை. ஒரே ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள்.

"தூங்குண்ணா," என்றாள். "காலைல பார்த்துக்கலாம்."

போன் அடித்தது. எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கத்தரியை அலமாரியின் உச்சியில், எட்டாத மூலையில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனின் கண்கள் கத்தரியின் பின்னாலேயே அலமாரி உச்சிவரை போயிருந்தன. அங்கேயே நின்றன. ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

ஸ்ஸ்.

மார்பு ஏறியது.