நூறு காட்டிய பச்சைக் கோடு

பல் டாக்டர் சில்லுவுக்குத் தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. அதில் ஒரு காசும் தரமாட்டேன் என்று அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலை 9.40க்கு.

"பாக்கியா? நீ எடுத்துட்டுப் போனதுக்கு நான்தான் உன்கிட்ட கேக்கணும்."

சில்லு வாசற்படியில் நின்றான். நாற்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் கடையில் பூட்டிக் கழற்றுகிற வேலை. ஞாயிறுகளில் தன் கைக்காசில் பாகங்கள் வாங்கி வீடுகளுக்குத் தனியாகவும் செய்து கொடுப்பான்.

"நான் என்ன சார் எடுத்தேன்?"

"டியூனர் கார்டு. புதுசைக் கழட்டிட்டு எங்கேயோ கெடந்த பழசை மாட்டிட்ட. படம் நல்லா இருந்தப்பவே ரெண்டாவது தடவ வந்து கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் உள்ள இருந்தியே, அப்பதான்."

"ஏசி ஓடிச்சு சார். அதான் சாத்தினேன்."

"அதை ஸ்டேஷன்ல சொல்லு. நாலு மணிக்குப் போறேன்."

விஷயம் இதுதான். டாக்டர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதன் கீழே சில்லு கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர். சுவரிலிருந்து வரும் கேபிள் ஒயர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டியூனர் கார்டில் நுழையும். கார்டு அதைப் படமாக்கிப் பெரிய திரைக்கு அனுப்பும். முதல் ஒன்பது நாள் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தாம் நாள் உடைந்தது. முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. பேச்சு விக்கியது. அதன் பிறகு சில்லு நான்கு முறை வந்து தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். திரையின் அளவை மாற்றினான், கூர்மையைக் குறைத்தான், மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினான். அசையவில்லை. நேற்று வேறொரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இது புது கார்டே இல்லையே" என்று சொல்லிப் போய்விட்டான்.

திருட்டுப் பெயர் வந்த ஆளை எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாது. புகார் பதிவானால் திங்கட்கிழமை கடைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிடுவார். சில்லுவுக்கு அது நன்றாகத் தெரியும். தெருமுனைக்குப் போய் ஒரே ஒரு ஆளுக்குப் போன் செய்தான்.

10.25. மீட்டரம்மா வந்து சேர்ந்தாள். கேபிள் ஆபீஸில் சிக்னல் அளக்கிறவள். தோளில் சாம்பல் நிறப் பெட்டி, கையில் ஓரம் கிழிந்த நோட்டு. இருபது வருஷமாகக் கம்பமும் ஏணியுமாகத் திரிந்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அதனால் தேவையில்லாமல் ஒரு படிகூட ஏறமாட்டாள், தேவையில்லாமல் ஒரு வார்த்தையும் பேசமாட்டாள்.

"திருடினியா?"

"என்ன மீட்டரம்மா நீங்களும்?"

"கேக்கணும்ல. கேட்டாச்சு. வா."

வெளிச்சுவரில் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மீட்டரைச் செருகினாள். 68. நோட்டில் எழுதினாள்.

"எப்படி இருக்கு?" சில்லு கேட்டான்.

"அறுபதுலேர்ந்து எழுபத்தஞ்சுக்குள்ள இருந்தா நல்லது. எங்க ஆளுங்க ரெண்டு தடவ வந்து இதே நம்பரைத்தான் பாத்துட்டுப் போயிருக்காங்க. எங்க பக்கம் சுத்தம்."

"அப்ப என் பக்கம்தானா?"

"இன்னும் வீட்டுக்குள்ளயே போகலை. அதுக்குள்ள ஏன் அழுவுற?"

10.40. கூடம். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் செய்தி வாசிக்கும் பெண்ணின் மூக்கு காதுப் பக்கம் போயிருந்தது. ஓரத்தில் சதவீதம் காட்டும் இரண்டு கோடுகள். சிக்னல் பலம் 100, பச்சை. தரம் 31, சிவப்பு.

"பாத்துக்குங்க மேடம். பலம் நூத்துக்கு நூறு. கேபிள் நல்லா வருது. அப்ப தப்பு யார்கிட்ட?"

"முதல் ஒன்பது நாளும் நூறா?"

டாக்டர் யோசித்தார். "எழுபது, எழுபத்தஞ்சு இருந்திருக்கும். இப்பதான் ஃபுல்லா வருது."

மீட்டரம்மா அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"பாக்கி தராம இழுக்கணும்னு நீங்களே எதாவது பண்ணலையே டாக்டர்?"

"நானா? மேடம், மூணு வாரமா ஒரு ஆட்டம்கூட ஒழுங்கா பாக்கலை. என் மூஞ்சியப் பாத்தா தெரியலை?"

தெரிந்தது. அவர் முகத்தில் இருந்தது வஞ்சனை இல்லை, வெறும் எரிச்சல்.

11.05. உள் அறை. டாக்டரின் மனைவி தரையில் போர்வையை விரித்துப்போட்டுச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே தேய்க்கும் மேஜை மடித்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மேஜை இருக்கு, தரையில தேய்க்குறீங்க?"

"ஒயர் எட்டலைங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு இருந்துச்சு, மூணு வாரமாக் காணோம். இந்த வீட்டுல ஒரு பொருளை வச்சா வச்ச இடத்துல இருக்காது. இடுப்பு விட்டுப்போச்சு."

"அந்தக் கம்ப்யூட்டரை நீங்க தொட்டதுண்டா?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட சொல்லாதீங்க. போன வாரம் தூசு தட்டினப்ப பின்னாடி கேபிள் பாதி கழண்டு தொங்கிடுச்சு. பயந்துட்டேன். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் பாருங்க, படம் அவ்வளவு நல்லா இருந்துச்சு! சரி, நல்லா இருக்கும்போதே இறுக்கி வைப்போம்னு மறுநாள் துணியைச் சுத்தித் திருகினேன். பழையபடி போச்சு. நான் என்ன கெடுத்தேன்னே தெரியலை."

"நீங்க ஒண்ணும் கெடுக்கலைம்மா" என்றாள் மீட்டரம்மா. முதல் முறையாகச் சிரித்தாள். "மாடியில யாரு?"

"என் தம்பி. அவனுக்கும் தனி டி.வி. இருக்கு. இந்தப் பெரிய திரை வந்த புதுசுல என் படம் மங்கிப்போச்சுன்னு நாள் முழுக்கப் புலம்பினான். இப்ப அந்தப் பேச்சையே காணோம்."

11.20. மீட்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அந்தத் தம்பி, டாக்டருக்கு மச்சான்காரர், கட்டிலில் சாய்ந்து பழைய டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, வேலை தேடுகிற வேலை. படம் பளிச்சென்று இருந்தது.

"உங்களுக்கு மட்டும் நல்லா வருதே?"

"பழைய டி.வி. மேடம். அந்தக் காலத்து உழைப்பு."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே" என்றார், கேள்வி முடியும் முன்பே.

மீட்டரம்மா ஒயரைக் கண்ணால் தொடர்ந்தாள். மெல்லிய மலிவு ஒயர். ஜன்னல் வழியே வெளியேறி, மொட்டைமாடியைச் சுற்றி, பரணுக்குள் போயிற்று. நாற்பது மீட்டராவது இருக்கும்.

"பரண்ல ஏறுவீங்களா தம்பி?"

"எனக்கு ஒட்டடைன்னாலே தும்மல் வரும். அந்தப் பக்கமே போறதில்லை."

பரண் கதவைச் சுற்றிச் சட்டமெல்லாம் தூசு படிந்திருந்தது. கைப்பிடி மட்டும் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

11.50. எல்லாரும் கூடத்தில். டாக்டர் சோபாவில், மனைவி கதவருகில், மச்சான்காரர் படிக்கட்டின் கடைசிப் படியில். சில்லு சுவரோடு சுவராக நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மீட்டரம்மா பையிலிருந்து விரல்நுனி அளவு பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தாள். கம்ப்யூட்டரின் பின்னால் கேபிளைக் கழற்றி, நடுவில் அந்தத் துண்டை வைத்துத் திருகினாள்.

செய்தி வாசிக்கும் பெண்ணின் மூக்கு அதன் இடத்துக்கு வந்தது. கம்மலில் இருந்த கல்கூடத் தெரிந்தது. பலம் 72. தரம் 98.

சில்லுதான் முதலில் வாய் திறந்தான். "அதே கார்டு சார்."

"அதே கார்டுதான்" என்றாள் மீட்டரம்மா. "பழுதான கார்டுல இந்தப் படம் வராது."

டாக்டர் எழுந்தே விட்டார். "அந்தத் துண்டுல என்ன இருக்கு? பவர் கூட்டுதா?"

"கூட்டலை. குறைக்குது. வர்ற சிக்னல்ல பெரும்பங்கை முழுங்கிடும்."

"குறைச்சா எப்படி மேடம் நல்லா வரும்?"

"டாக்டர், பல்லு குழியை அடைக்கிறீங்க. அளவுக்கு மேல அடைச்சா என்ன ஆகும்?"

"வாய் மூடாது. கடிக்கவே முடியாது. மறுநாளே சண்டைக்கு வருவாங்க."

"இந்தக் கார்டுக்கும் அதேதான். மூணு வாரமா அதால வாயை மூட முடியலை."

டாக்டர் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

மீட்டரம்மா மீட்டரைச் சுவர் முனையில் செருகி அவர் பக்கம் திருப்பினாள். 93.

"வெளியில அறுபத்தெட்டு. ஒயருக்குள்ள ஓட ஓட சிக்னல் குறையணும். உங்க வீட்டுல மட்டும் தொண்ணூத்து மூணாக் கூடுது. வழியில யாரோ ஊத்தியிருக்காங்க. எங்க ஆளுங்க வெளியில மட்டும் அளந்தாங்க. நீங்க உள்ள பச்சைக் கோட்டைப் பாத்துச் சந்தோஷப்பட்டீங்க. எழுபது இருந்தது ஏன் நூறாச்சுன்னு யாரும் கேக்கலை. கேபிள் பாதி கழண்டப்ப படம் நல்லா வந்துச்சு. எதனால? அன்னிக்குக் கொஞ்சமாத்தான் உள்ள போச்சு."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சிக்னலைக் கூட்டுற பெட்டிக்கு பூஸ்டர்னு பேரு. அதுக்குக் கரண்ட் வேணும். கரண்டுக்கு ப்ளக் வேணும். பரண்ல ப்ளக் கிடையாது. இந்த வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் காணாமப் போனது மூணு வாரத்துக்கு முன்னாடி. சில்லு வந்து பரண்ல ஒரு லைனை ரெண்டாப் பிரிச்சப்ப மாடிக்குப் போறது குறைஞ்சுது. அங்க படம் மங்குச்சு. அப்புறம் தானா நல்லாயிடுச்சு. தம்பி, ஒட்டடைக்குத் தும்மல் வந்துச்சா?"

மச்சான்காரர் படியைவிட்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அத்தான்... லைனைத் தொடாதேன்னு நீங்க சொல்லியிருந்தீங்க."

"தொட்டியா?"

"தொட்டேன். இருநூறுக்கு ஒரு பூஸ்டர் கெடைச்சுது. லேசாத்தான் வச்சேன்."

"இது லேசா?"

"கீழ படம் போயிடுச்சுன்னு நீங்க கத்தினீங்க. பாவமா இருந்துச்சு. கொஞ்சம் கூட்டி வச்சா உங்களுக்கும் நல்லா வருமேன்னு போய் ஒரு திருகு கூட்டினேன். மறுநாளும் கத்தினீங்க. இன்னொரு திருகு. நீங்க கத்தக் கத்த நானும்..."

"கடைசி வரைக்குமா திருகின?"

"அதுக்கு மேல திரும்பலை அத்தான்."

டாக்டர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "என் இடுப்பை ஒடிச்சவனே! மொதல்ல அந்த பாக்ஸைக் கொண்டாடா!"

"அந்த மனுஷன் மேல திருட்டுப் பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கலையே நீ" என்றார் டாக்டர்.

"பூஸ்டர் இருந்தா நல்லதுன்னுதான் நெனச்சேன். அதைக் கழட்டினா இன்னும் மோசமாயிடும்னு பயந்தேன். கார்டைத்தான் மாத்திட்டார்னு நானே நம்பிட்டேன்." சில்லு பக்கம் திரும்பினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

சில்லுவுக்குக் கோபப்பட வேண்டும்போல இருந்தது. ஆனால் உடம்பில் அதற்குத் தெம்பு மிச்சமில்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த பிறகு தோள் தானாக மேலே போகுமே, அந்த மாதிரி இருந்தது.

"ஆனா மாடியில மட்டும் எப்படி நல்லா வந்துச்சு?" என்று கேட்டான்.

"அது நாற்பது மீட்டர் மட்டமான ஒயர். போற வழியிலயே பாதியைத் தின்னுடும். நீ கூடத்துக்குப் போட்டது நல்ல ஒயர், ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டுவந்து கொட்டிடுச்சு. உன் வேலை சுத்தம். அதான் நீ மாட்டிக்கிட்ட."

12.15. மச்சான்காரர் பரணில் ஏறி பூஸ்டரை இறக்கினார். நான்கு முறை தும்மினார். மீட்டரம்மா பித்தளைத் துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அது இல்லாமலே படம் தெளிவாக நின்றது. மாடி டி.வி.க்கு நல்ல ஒயர் போட்டால் போதும் என்றாள். அந்த ஒயருக்குக் காசு மச்சான்காரர் தலையில் என்று டாக்டர் சொன்னார்.

பிறகு அவர் உள்ளே போனார். வரும்போது கையில் பணமும் சில்லுவின் பில்லும் இருந்தன. காலையில் 'நீ' என்று வாசலில் நிறுத்திப் பேசியவர்.

"உக்காருங்க" என்றார். "எண்ணிப் பாத்துக்குங்க. நான் பேசினது தப்பு. அந்த மெக்கானிக் பேச்சைக் கேட்டு... தப்புதான்."

சில்லு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணினான். முதல் தடவை கணக்குப் பிசகியது. இரண்டாம் தடவை டாக்டரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், விட்டுப்போயிற்று. மூன்றாம் தடவை சரியாக வந்தது. பதினெட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது.

பில்லின் அடியில் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

12.40. தெருவில் வெயில். சில்லு நாலு எட்டு நடந்து நின்றுவிட்டான்.

"என்ன?" என்றாள் மீட்டரம்மா.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்."

"நிப்போம். என் முழங்காலும் அதைத்தான் கேக்குது."

இரண்டு பேரும் மதில் நிழலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். நாளைக்குக் கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று அவள் கேட்டாள். ஒன்பதுக்கு என்றான் சில்லு. சொன்ன பிறகுதான் நாளைக்குக் கடைக்குப் போகப்போகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. இன்னொரு முறை சொன்னான்.

"ஒன்பதுக்கு."