கிளிஞ்சல்மேட்டிலிருந்து திரும்பிய வண்டி

வண்டியின் மீட்டரில் ஓர் எண் குறைந்திருந்தது.

நஜீபா ஈரத்துணியை அப்படியே கண்ணாடியின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பார்வை மங்கல்தான். ஆனாலும் அந்த எண்ணில் அவளுக்குத் தப்பு வராது. மகன் சஃப்வான் விபத்தில் மவுத்தாகி, அடிபட்ட யெஸ்டி பைக்கைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மினி வேனில் ஏற்றிவந்து கொட்டகையில் இறக்கிய நாள்முதல், காலையில் தேநீர் போட்ட கையோடு வந்து அதைத் துடைப்பது அவள் வழக்கம். கடைசி எண் எட்டாகவும் இல்லாமல் ஒன்பதாகவும் இல்லாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளை ஓடிய தூரம் அதோடு நின்றது. அந்தப் பாதி எண்ணைத்தான், குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, தினமும் தொட்டுப் பார்ப்பாள்.

இன்று அங்கே ஏழு இருந்தது. முழுசாக, நேராக.

கொட்டகை என்றால் கார் நிறுத்தக் கட்டியதுதான். கார் வாங்கவில்லை, இரும்பு கடையும் லேத்து வந்துவிட்டது. அவள் கணவர் நூகு துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஊர் திரும்பியவர். மூடிப்போன மில் ஒன்றிலிருந்து அந்தச் சின்ன லேத்தை வாங்கிப்போட்டு, பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதையே பொழுதாக வைத்திருந்தார். புஷ் கடைவார், போல்ட்டு கடைவார். யாரிடமும் கூலி வாங்க மாட்டார். தன் யெஸ்டியின் சிலிண்டரையும் தானே குடைந்து புது பிஸ்டன் போட்டார். சூட்டில் பிஸ்டன் விரிவதற்கு மயிரிழை இடம் விட வேண்டும். வண்டி சத்தமே இல்லாமல் பட்டுப்போல ஓட வேண்டும் என்ற ஆசையில் இறுக்கமாக விட்டுவிட்டார். கிளிஞ்சல்மேட்டுக்கு மீன் வாங்கப் போனான் பிள்ளை. படகுத்துறைக்குத் திரும்பும் வளைவில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனது.

எஞ்சினைப் பிறகு பிரித்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நகம் கீறியதுபோல கோடுகள். நூகு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்கே பிசகியது என்று கேட்காமலே இருவருக்கும் தெரிந்தது.

அடுத்த நாளும் எண் குறைந்தது. அதற்கு அடுத்த நாளும்.

மழை பிடித்துக்கொண்டது. ஈரம் ஏறிய சுவர்களின் வாடையோடு, கொல்லையில் அழுகும் முருங்கை இலை வாடையோடு, இன்னொன்றும் வீட்டுக்குள் வந்து தங்கிற்று: எண்ணெய் கலந்த பெட்ரோல் எரியும் அந்த இனிப்பான, தொண்டையில் ஒட்டுகிற புகை, சஃப்வான் வந்து இறங்கினால் அவன் சட்டைக்கும் முன்னால் உள்ளே வருகிற புகை. அது தலையணையில் இருந்தது. அரிசிப் பானையைத் திறந்தால் இருந்தது. எஞ்சினோ பிரித்துக் கிடக்கிறது என்றுதான் நூகு சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு மஹ்பூபா ஒரு கிண்ணம் வட்டலப்பத்தோடு வந்தாள்.

"ஏன்டி, நேத்து ஒங்க வூட்டுக்கு யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே லாத்தா."

"வண்டி வந்துச்சே. பெரிய பள்ளிவாசப் பக்கத்துலேர்ந்து சத்தம் வந்து நம்ம தெரு முனைல நின்னுச்சு. எட்டிப் பாத்தா ஒரு ஆடு நிக்கிது. அதுதான் ஓட்டிக்கிட்டு வந்துச்சோ என்னமோ, லைசென்சு இருக்கான்னு கேட்டிருக்கணும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தவள் நஜீபாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். கிண்ணத்தை மேடைமேல் மெல்ல வைத்தாள். "முந்தாநேத்து இன்னும் தூரமாக் கேட்டுச்சு. பாலத்துக்கிட்ட. நா ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னு இருந்தேன்."

அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு நஜீபா கொட்டகைக்குப் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். திறந்த நூகுவின் முகத்தில் கரி. கண்ணில், இத்தனை நாளும் செத்துக் கிடந்த கண்ணில், ஏதோ ஒரு பளபளப்பு. அவருக்குப் பின்னால் யெஸ்டி நடு ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றியது.

தலைகீழாக.

"எஞ்சின் பிரிச்சுக் கெடக்குன்னீங்களே."

"பூட்டிட்டேன்."

"சக்கரம் ஏங்க இப்டிப் பின்னால சுத்துது?"

"டூ ஸ்ட்ரோக்கு புள்ள இது. பிளக்குல பொறி விழற நேரம் தப்பிப்போயி, பாதி கிக்கு குடுத்தா, பின்பக்கமாப் புடிச்சுக்கும். அதுக்கு முன்ன பின்ன தெரியாது. மொத நாளு அந்த நேரத்தத் தப்பாத்தான் வெச்சுட்டேன். வீலு எப்டிச் சுத்துதுன்னு பாக்க கியரப் போட்டேன். அப்பதான் மீட்டரப் பாத்தேன்."

"பாத்து?"

"கொறையுது."

அவர் பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். "சூடாவாம கொஞ்சம் கொஞ்சமா ஓட்டுறேன். இந்தத் தடவ எடம் சரியா விட்டிருக்கேன் நஜீபா. சரியா விட்டிருக்கேன். அவன் போன தூரத்த மட்டும் கொறைச்சாப் போதும். கெளம்புன எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டு, இன்னிக்கு வேணாம் தம்பி, வண்டியத் தொடாதன்னு ஒரு வார்த்த சொல்லணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

மவுத்தானவனை அல்லாவிடம் ஒப்படைத்து, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாயிற்று. விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பெற்றவள் வாய். வேறு சொல் வந்தது.

"இன்னும் எவ்ளோங்க இருக்கு?"

"தெரு முனைலேர்ந்து வாசல் வரைக்கும்."

அவள் போய் ஒரு படி அரிசியை ஊறப்போட்டாள். அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோற்றுக்கு.

பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லி அடங்கியதும் கரண்டு போயிற்று. மழை ஓட்டின்மேல் மண் வாரி இறைப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் லேத்தின் நிழல் சுவரில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. நூகு பிஸ்மி சொல்லிப் பாதி கிக் கொடுத்தார். எஞ்சின் ஒருமுறை உதறி, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டது. கியர். சக்கரம் சுற்றியது. எண் மெல்ல இறங்கியது.

தெருவில் இன்னொரு எஞ்சின் கேட்டது.

அதே எஞ்சின். மழைக்குள்ளிருந்து, முனை திரும்பி, மஹ்பூபா வீட்டைத் தாண்டி, நெருங்கி. பிறகு தெருச் சத்தமும் கொட்டகைச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒரே சத்தமாயின. வெளிக்கதவு திறந்தது.

செருப்புச் சத்தம். விரல் முதலில், குதிகால் பிறகு.

வாசலில் ஒரு முதுகு வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. வெளியே அத்தனை மழை, சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. பின்னாலேயே நடந்து, எதிலும் இடறாமல், அவளை நோக்கி வந்து நின்றது. மீன் வாங்கப் போன அன்று காலை அவள் வைத்துவிட்ட தேங்காயெண்ணெய் அந்தத் தலையில் வாசம் வீசியது.

"உம்மா, என்ன மீன் வேணும்?"

திரும்பாமல் கேட்டான்.

நஜீபாவின் கை தானாகப் போய் அவன் தோளைத் தொட்டது. சூடாக இருந்தது. திருப்பினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் திருப்பினாள். திறந்தபோது, முகம் இருந்தது. முழு முகம். கபன் துணிக்குள் அவளைப் பார்க்கவிடாமல் மூடிய முகம்.

"மீனு வேணாம் தம்பி," என்றாள். "ஒண்ணும் வேணாம். வூட்லயே இரு." பிறகு, "என்னங்க, போதும். நிறுத்துங்க."

நூகு சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஓடியது.

மீண்டும் திருப்பினார். சாவியை உருவினார். பிளக் வயரைப் பிடுங்கினார். அது அவர் கையில் தொங்கியது. பெட்ரோல் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் தரையில் ஓடி மழைத்தண்ணீரில் வானவில்லாகப் பரவியது. காற்று போகும் வாயைத் துணியால் அடைத்தார். துணி உள்ளே போயிற்று.

எஞ்சின் ஓடியது. முன்னைவிட வேகமாக.

"மீட்டர் கேபிளு," என்று அவள் சொன்னாள். அதையும் பிடுங்கிவிட்டிருந்தார். எண்கள் இறங்கின. ஒன்றல்ல, எல்லா வரிசையும்.

அவள் கையின் கீழே தோள் தாழ்ந்தது.

மீசை இல்லை. கன்னத்துப் பரு இல்லை. சட்டை தொளதொளத்துக் கைவிரல்களை மூடியது. அவன் அண்ணாந்து பார்த்தான். இன்னும் உடையாத குரல்.

"உம்மா, நீ ஏன் ஒசந்துக்கிட்டே போற?"

அவள் தூக்கி இடுப்பில் வைத்தாள். முன்பல் இல்லை. இன்னும் கொஞ்சம். பல்லே இல்லை. தலை நிற்கவில்லை. நீலச் சட்டையைச் சுற்றி மார்போடு அணைத்தாள். பால் மணம் வந்தது. புகையை மீறி, மழையை மீறி வந்தது. வற்றிப்போன மார்பு கனத்தது. சுண்டுவிரலை நீட்டினாள். பிடித்துக்கொண்டது.

நூகு சுத்தியலால் எஞ்சினை அடித்தார். அலுமினியம் பிளந்து எண்ணெய் கொட்டியது. ஓடியது.

"இது நம்ம நிக்காஹுக்கு முந்தி வாங்குன வண்டி நஜீபா, மீட்டருல அந்தத் தூரமும் இருக்கு," என்றார். அழுகைகூட இல்லை அந்தக் குரலில்.

சட்டை லேசானது.

உதறிப் பார்த்தாள். வெறும் சட்டை. கைகள் இரண்டும் காலி. தரையில் தேடினாள். லேத்துக்கு அடியில் குனிந்து தேடினாள்.

அப்போது அவள் வயிற்றுக்குள், தீட்டு நின்று வருடங்களாகிப்போன வயிற்றுக்குள், உதைத்தது.

நூகு முழங்காலிட்டுச் சுற்றும் சக்கரத்தை வெறுங்கையால் பிடித்தார். கம்பிகளுக்கிடையில் விரல்கள் போயின. விடவில்லை. சக்கரமும் நிற்கவில்லை. சுவரில் சிவப்பாகத் தெறித்தது.

நஜீபா வயிற்றை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு சுவரோரம் குந்தினாள். புடைத்திருந்த வயிறு கைக்குள் தாழ்ந்துகொண்டே வந்தது.

"இரு வாப்பா. இரு. அங்கயே இரு."

மறுபடி உதைத்தது. முன்னைவிட மெல்ல. மறுபடி, இன்னும் மெல்ல.

மீட்டரில் எண்கள் இன்னும் எத்தனையோ இருந்தன. எஞ்சின் பட்டுப்போல, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.